குமரியில் சாஃப்ட்பால் அணி தொடங்குபவர்களுக்கு: ஒரு வருஷம் பட்ட பாட்டிலிருந்து

எங்கள் பிள்ளைகள் ஆடிய முதல் ஆட்டத்தில் எதிரணி எங்களை அடித்து ஜெயிக்கவில்லை. நடந்தே ஜெயித்தார்கள். எங்கள் பிட்சர் (பந்து போடுபவள்) போட்ட பந்துகளில் பாதிகூட, அடிப்பவள் பக்கத்தில் தரையில் இருக்கும் ஹோம் பிளேட்டுக்கு மேலே வரவில்லை. அப்படி விலகி வரும் பந்துக்கு ‘பால்’ என்று பெயர். நாலு ‘பால்’ ஆனதும் பேட்டைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக ஃபர்ஸ்ட் பேஸுக்கு (ரன் எடுக்கச் சுற்றி ஓடும் சதுரத்தில் ஹோமுக்கு அடுத்த மூலை) நடந்துபோனாள். முதல் இன்னிங்ஸிலேயே பதினொரு ரன். அதில் பேட்டில் பட்டு வந்தது இரண்டுதான்.

நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. திங்கள்சந்தைப் பக்கம் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் கிரிக்கெட் ஆடியவன் என்பது தெரிந்து, பக்கத்துப் பள்ளியில் “பி.டி. சார் மாற்றலாகிப் போயிட்டாரு, பிள்ளைகளைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்றார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை பதினான்கு பெண்பிள்ளைகள். ஒருத்தியும் சாஃப்ட்பாலைக் கண்ணால் பார்த்ததில்லை. நானும்தான். நான் தடுக்கி விழுந்த இடங்களில் நீங்கள் விழாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். ஆண்பிள்ளைகள் அணி என்றாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

1. காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

பந்து வாங்குவதற்கு முன்னால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபோல்டர் வாங்குங்கள். பிள்ளைகளைப் போட்டிக்குக் கூப்பிடும் தகவல் நிதானமாக வருவதில்லை. எங்களுக்கு ஒரு தேர்வு பற்றிய செய்தி ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும். பதினான்கு பேரில் ஒன்பது பேரால்தான் முடிந்தது. நல்லவேளை, ஆட ஒன்பது பேர் போதும்.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழின் மூன்று நகல் (அசல் வீட்டில் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்), ஆதார் நகல், இந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று பள்ளி கொடுக்கும் போனஃபைடு சான்று, எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்திருக்கும் எண்), பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு, பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், விளையாடத் தகுதி உண்டு என்று டாக்டர் கொடுத்த சான்று. போனஃபைடில் தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போதாது. போட்டோவின் மேல் பாதி விழும்படி பள்ளி சீலும் வேண்டும். சீல் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு ஓடியவன் நான். தலைமையாசிரியர் லீவு போடும் நாள் எது என்றும் கொஞ்சம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மூன்று கண்ணிகள் உண்டு.

முதலாவது, பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ். பிறந்ததும் பதிவு செய்திருப்பார்கள், பெயர் பிறகு சேர்க்கலாம் என்று விட்டிருப்பார்கள். ‘பெயர்’ என்ற இடம் காலியாகவே இருக்கும். எங்கள் அணியில் மூன்று பேருக்கு அப்படி. எந்த அலுவலகத்தில் பிறப்பைப் பதிந்தார்களோ அங்கே போய்த்தான் சேர்க்க வேண்டும். பிள்ளை பிறந்தது அம்மா வீட்டு ஊரில் என்றால் அந்த ஊருக்கு. அப்பாவுக்கு ஒரு நாள் வேலை போகும் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். விடாமல் நச்சரியுங்கள்.

இரண்டாவது, பெயரின் எழுத்து. நம்மூரில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் இனிஷியலோடு ஒன்று என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கும், பள்ளிப் பதிவேட்டில் ஒற்றை எழுத்து. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, பிறந்த தேதி. ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரு தடவைதான் மாற்ற முடியும். எந்தச் சான்றுக்கு ஏற்ப மாற்றுகிறோம் என்று முடிவு செய்துவிட்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிப்பார்கள். வரம்பு ஜனவரி 1-ஐ ஒட்டியே வரும் என்பதால் டிசம்பர் கடைசியில் பிறந்த பிள்ளைக்கும் ஜனவரி முதல் வாரத்தில் பிறந்த பிள்ளைக்கும் ஒரு வருஷமே வித்தியாசப்படும். நீங்களாகக் கணக்குப் போடாமல் சுற்றறிக்கையில் உள்ள தேதியைப் பாருங்கள்.

2. எந்த வழியில் போட்டிக்குப் போவது

வழி இரண்டு. ஒன்று பள்ளி வழி. பள்ளியின் பெயரில், தலைமையாசிரியர் கையெழுத்தில்தான் பெயர் போகும். வெளி ஆளான நீங்கள் எவ்வளவு நல்ல கோச்சாக இருந்தாலும் நேரடியாக அணியைக் கொண்டுபோக முடியாது. பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக வர வேண்டும். பெண்பிள்ளைகள் அணி என்றால் ஆசிரியை. அவரை ஆரம்பத்திலேயே கூட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அணிக்கு வந்தவர் கணக்கு டீச்சர், ஸ்கோர் எழுதுவதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தேதிகளைப் பற்றி விசாரிக்க வேண்டிய ஆள் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர்.

இன்னொன்று சங்க வழி. மாநிலச் சங்கத்தோடு இணைந்த மாவட்டச் சங்கம் நடத்தும் தேர்வுகள் இவை. ஒரே பிள்ளை இரண்டிலும் ஆடலாம்.

எச்சரிக்கை: “நேஷனல் ஆட வைக்கிறோம், ஒரு பிள்ளைக்கு ஐயாயிரம் கட்டுங்க, சர்டிபிகேட் உண்டு” என்று போன் வரும். எனக்கு இரண்டு தடவை வந்தது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்கும் முன், நாகர்கோவில் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, அந்த அமைப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று நேரிலேயே கேளுங்கள். சான்றிதழ் வைத்து வேலை கிடைக்கும், சீட் கிடைக்கும் என்று நீங்களும் பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

3. மைதானம்

பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம்: எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பு. இரண்டு நகல் எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கோயில் மைதானம் என்றால் கமிட்டி, பங்கு மைதானம் என்றால் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும். கடலோர ஊர்களில் மைதானம் என்றாலே ஃபுட்பால்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் அவர்களை அசைக்க முடியாது, அசைக்கவும் பார்க்காதீர்கள். நாங்கள் திங்கள், புதன், வெள்ளி நாலேகால் முதல் ஐந்தேகால் வரை என்று பேசி முடித்தோம். ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகளுக்குப் பஸ்ஸும் டியூஷனும் இருக்கின்றன.

மேற்கு வட்டாரங்களில் மைதானம் பெரும்பாலும் சரல் மண். உருண்டு வரும் பந்து கல்லில் பட்டு முகத்துக்குத் துள்ளும். பயிற்சிக்கு முன் எல்லோரும் வரிசையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கல் பொறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஒரு நாள்கூட விடாதீர்கள்.

4. சாமானும் செலவும்

எங்களுக்கு ஆன கணக்கு இது. விலை மாறியிருக்கும், அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்.

க்ளவுஸ் எட்டு – 7,200 ரூபாய். கேட்சருக்கான (அடிப்பவர் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர்) தனி மிட், அதாவது கனத்த க்ளவுஸ், ஒன்று – 1,400. அலுமினிய பேட் இரண்டு – 3,200. ஹெல்மெட் ஐந்து – 4,500. கேட்சரின் முகமூடி, நெஞ்சுக்கவசம், கால்கவசம் சேர்ந்த செட் – 5,500. தோல் பந்து பன்னிரண்டு – 3,000. பார்சல் செலவு 1,200. மொத்தம் 26,000 ரூபாய்.

களத்தில் நிற்பது ஒன்பது பேர், ஆகவே எட்டு க்ளவுஸும் ஒரு மிட்டும் போதும். ஹெல்மெட் ஏன் ஐந்து என்றால், அடிப்பவர் ஒருவர், அடுத்து அடிக்கக் காத்திருப்பவர் ஒருவர், பேஸ்களில் நிற்பவர் மூன்று பேர். இதில் கஞ்சத்தனம் காட்டி மூன்று வாங்கினால் ஆட்டத்தின் நடுவே தலைக்குத் தலை கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். கேட்சர் செட்டில் பழையது, உடைந்தது, தைத்தது எதுவும் வேண்டாம்.

க்ளவுஸில் நான் ஏமாந்தது என் தவறுதான். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வலது கையால் எறிபவர்கள். அவர்களுக்கு க்ளவுஸ் இடது கையில். நான் போனில் “ரைட் ஹேண்ட்” என்று மட்டும் சொல்ல, வலது கையில் மாட்டும் க்ளவுஸ் ஆறு வந்து இறங்கியது. திருப்பி அனுப்பி வாங்கப் பதினெட்டு நாள். “வலது கையால் எறிபவருக்கு, இடது கையில் மாட்டுவது” என்று முழு வாக்கியமாக எழுதி அனுப்புங்கள். இடது கைப் பிள்ளை இருந்தால் அவளுக்கு மட்டும் மாறாக ஒன்று.

பந்தில் போட்டிருக்கும் 12 இஞ்ச் என்பது சுற்றளவு. விட்டம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இது ஏன் முக்கியம் என்றால், பந்து தடுக்க வலை வாங்கும்போது கண் அளவைப் பார்க்க வேண்டும். வலையைக் கடையில் வாங்காதீர்கள். குளச்சல், முட்டம் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் கழித்துப்போட்ட மீன்வலை கிடைக்கும். கண் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பதாகப் பாருங்கள். எங்கள் அணியில் ஒரு பிள்ளையின் அப்பா சும்மாவே கொடுத்தார். இரண்டு நாள் வெயிலில் போட்டும் மீன் வாசம் போகவில்லை. பிறகு பழகிவிட்டது.

அடித்துப் பழகும் ஸ்டாண்டை நானே செய்தேன். ஒரு இஞ்ச் பிவிசி குழாய், கீழே டீ ஃபிட்டிங்குகள், நாலு பக்கமும் கால், கால்களுக்குள் மணல். உச்சியில் வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய் ஒரு சாண். அது வளையும் என்பதால் பேட் பட்டாலும் உடையாது, பந்தும் அதன்மேல் உட்காரும். உயரம் பிள்ளையின் இடுப்பளவு. முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பேஸுக்குச் சாக்கில் மணல் நிரப்பினேன், அது தவறு. ஓடிவந்த பிள்ளைக்குக் கணுக்கால் மடங்கியது. பிறகு பழைய ரப்பர் மேட்டை 38 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டித் தரையோடு பதித்தேன்.

மழைக்காலத்தில் தோல் பந்தை வெளியே எடுக்காதீர்கள். நனைந்தால் கனக்கும், தையல் விடும். ரப்பர் பந்து ஆறு தனியாக வையுங்கள். க்ளவுஸை மெதுவாக்க யாரோ சொன்னார்கள் என்று பிள்ளைகள் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துவிட்டார்கள். ஜூன் மழையில் சாக்குக்குள் கட்டிவைத்திருந்த எட்டிலும் வெள்ளையாகப் பூசணம். துணியால் துடைத்து, உள்ளே நியூஸ் பேப்பர் திணித்து, காற்றாட வையுங்கள். மெதுவாக்க வேண்டுமானால் உள்ளே ஒரு பந்தை வைத்து சைக்கிள் டியூபால் இறுகக் கட்டி ராத்திரி விடுங்கள்.

பணம் கேட்கும் நேரமும் முக்கியம். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் நம் மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி திறக்கும் ஜூனில், நோட்டு, சீருடைச் செலவோடு, கடலோரப் பிள்ளைகளின் வீட்டில் கை காலியாக இருக்கும். நான் அந்த மாதத்தில்தான் ஆளுக்கு ஐந்நூறு கேட்டேன். நாலு பேர் பயிற்சிக்கு வருவதையே நிறுத்தினார்கள். பணம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாமான் செலவைக் கடைக்காரர்கள், பழைய மாணவர்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் என்று கேட்டுச் சமாளித்தேன். ரசீதுகளை ஒரு நோட்டில் ஒட்டி, யார் கேட்டாலும் காட்டினேன்.

5. களம் அளப்பது

பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் 60 அடி, அதாவது 18.29 மீட்டர். ஹோமிலிருந்து செகண்ட் பேஸுக்கு நேராக 25.86 மீட்டர். ஒரு கயிற்றில் இரு முனையும், 18.29 மீட்டரில் நடு முடிச்சும், மொத்தம் 36.58 மீட்டரும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை ஹோமில் ஒருத்தி மிதிக்கட்டும், இன்னொரு முனையை செகண்ட் பேஸில் ஒருத்தி. நீங்கள் நடு முடிச்சைப் பிடித்து வலது பக்கம் இழுத்தால் கயிறு விறைக்கும் இடம் ஃபர்ஸ்ட் பேஸ், இடது பக்கம் இழுத்தால் தேர்ட் பேஸ். பத்து நிமிஷத்தில் சரியான சதுரம் வந்துவிடும். இழுவை கொடுக்கும் கயிறு வேண்டாம்.

ஹோமிலிருந்து பிட்சர் நிற்கும் தூரம் பெரிய பெண்கள் ஆட்டத்தில் 43 அடி, ஆண்கள் ஆட்டத்தில் 46 அடி. சிறு வயதுப் பிரிவில் குறையலாம். போட்டி நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஹோமில் நின்று அடிப்பவர் கிழக்கே பார்க்கும்படி களத்தை அமையுங்கள். சாயங்கால வெயில் கண்ணில் அடித்தால் வரும் பந்து தெரியாது.

6. முதல் மாதம்: எறிவது, பிடிப்பது

பேட்டைப் பூட்டி வையுங்கள். நான் முதல் நாளே பேட்டைக் கொடுத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம், யாருக்கும் பந்து பிடிக்கத் தெரியாது. அடித்த பந்தை எடுத்து வருவதிலேயே ஒரு மணி நேரம் போனது.

முதல் இரண்டு வாரம் க்ளவுஸ் இல்லாமல் டென்னிஸ் பந்து. ஐந்து மீட்டர் தூரத்தில் ஜோடியாக நின்று எறிந்து பிடிக்க வேண்டும். பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் விரல் நுனி வானத்தைப் பார்க்கும், இடுப்புக்குக் கீழே வந்தால் தரையைப் பார்க்கும். எறியும்போது க்ளவுஸ் போடும் பக்கத்துத் தோள் ஜோடியை நோக்கியிருக்க வேண்டும், முழங்கை தோளைவிடத் தாழக் கூடாது. கை சின்னதாக இருந்தால் இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரலால் பிடிக்கட்டும்.

பயம்தான் பெரிய பிரச்சினை. பந்து வரும்போது கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்புவார்கள். அப்போதுதான் கன்னத்தில் படும். பட்டால் பயம் இரட்டிப்பாகும். திட்டிப் பயனில்லை. டென்னிஸ் பந்தில் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி, பிடிக்கும் முன் எண்ணைச் சொல்லச் சொன்னேன். எண்ணைத் தேடும் கண் திரும்பாது. எங்கள் இப்போதைய ஷார்ட் ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நிற்பவள்) அப்படி மீண்டவள்தான்.

மூன்றாம் வாரம் க்ளவுஸும் உருண்டு வரும் பந்தும். முட்டியை மடக்கி, க்ளவுஸ் மண்ணைத் தொட, மற்றக் கை அதன்மேல் மூடியாக. நின்றுகொண்டே குனிந்து கையை மட்டும் நீட்டுவது தெருக் கிரிக்கெட்டில் வந்த பழக்கம். பந்து காலிடுக்கில் போய்விடும்.

நாலாம் வாரம் ஒரு கணக்கு வையுங்கள். பன்னிரண்டு மீட்டரில் ஒரு ஜோடி கீழே விடாமல் தொடர்ந்து இருபது தடவை எறிந்து பிடிக்க வேண்டும். பாதி ஜோடிகள் அதை எட்டும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது.

7. கிரிக்கெட்டை மறக்கவைப்பது

இதற்குத்தான் அதிகம் நேரம் பிடிக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“சாரே, அடிச்சா ஓடியே ஆகணுமா?” என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், ஹோமிலிருந்து ஃபர்ஸ்டுக்கும் தேர்டுக்கும் போகும் இரண்டு கோட்டுக்கும் உள்ளே பந்து விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். கிரிக்கெட் மாதிரி தட்டிவிட்டு நிற்க முடியாது. கோட்டுக்கு வெளியே, பின்னால் போனது ஃபவுல். லெக் சைடில் அழகாகத் திருப்பிவிட்ட பந்துக்கு இங்கே மரியாதை இல்லை.

பேட்டைத் தூக்கிக்கொண்டே ஓடுவார்கள். அதைவிட ஆபத்து, ஓடும்போது பின்னால் வீசுவது. கேட்சரின் முழங்காலில் பட்டு எங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி நின்றது. அடித்ததும் பேட்டைக் கீழே விட வேண்டும், எறியக் கூடாது. ஒரு பழைய டயரை வைத்து, அதற்குள் விட்டுவிட்டு ஓடும்படி பழக்குங்கள்.

ஃபர்ஸ்ட் பேஸை மட்டும் மிதித்துவிட்டு வேகத்தோடு தாண்டி ஓடலாம். செகண்டிலும் தேர்டிலும் தாண்டினால் தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள். போட்டிகளில் ஃபர்ஸ்ட் பேஸில் வெள்ளையும் ஆரஞ்சுமாக இரட்டைப் பேஸ் இருக்கும். அடித்து ஓடுபவர் மிதிக்க வேண்டியது ஆரஞ்சை. ஃபீல்டர் நிற்பது வெள்ளையில். அதைப் பார்த்திராத எங்கள் பிள்ளைகள் வெள்ளையை மிதித்து ஃபீல்டரோடு மோதினார்கள்.

பந்து பிட்சரின் கையை விட்டுப் போகும்வரை பேஸில் நிற்பவர் காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் அவுட். கேட்ச் பிடித்தால் பேஸில் இருந்தவர் திரும்பி வந்து மிதித்துவிட்டுத்தான் ஓடலாம். பின்னால் வருபவருக்கு இடம்விட்டு ஓடியே ஆக வேண்டியவரை அவுட்டாக்க, அவர் போகும் பேஸைப் பந்தோடு மிதித்தால் போதும், மற்றவரைப் பந்தால் தொட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை வாயால் விளக்கிப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை. பேஸ்களில் பிள்ளைகளை நிறுத்தி, செருப்புகளை ஆட்களாக நகர்த்திக் காட்டியபோது புரிந்தது. இன்ஃபீல்டு ஃப்ளை போன்ற நுணுக்கங்களை முதல் வருஷம் விளக்க வேண்டாம். “மேலே போன பந்தைப் பார்த்தால் பேஸிலேயே நில்” என்பது போதும்.

8. பிட்சர்

உங்கள் முதல் வருஷத்தின் தலைவிதி இவள் கையில். ஒருத்தியை மட்டும் நம்பாதீர்கள், மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். வேகமாக எறிபவளைவிட, திட்டினாலும் முகம் மாறாதவளைத் தேடுங்கள்.

பந்து கீழ்க்கையால் போக வேண்டும். இரண்டு காலும் பிட்சர் நிற்கும் பிளேட்டைத் தொட்டு நின்று, பந்தை இரு கையிலும் சேர்த்து ஒரு நிதானம் காட்டி, அப்புறம்தான் கை சுழல வேண்டும். இரண்டு முழுச் சுற்று கூடாது. கை இடுப்பை ஒட்டிக் கடக்கும்போது பந்தை விட வேண்டும். வீடியோவில் பார்த்துவிட்டு முதல் நாளே காற்றாடி மாதிரி சுழற்றுவார்கள். விடாதீர்கள். மூன்று மீட்டரில் மணிக்கட்டை மட்டும் சுண்டிப் பந்து விடுவது ஒரு வாரம். அரைச் சுற்று, எட்டு மீட்டரில், இரண்டு வாரம். பிறகு முழுச் சுற்று, பத்து மீட்டரில். அப்புறம்தான் முழுத் தூரம்.

சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போடுங்கள். அகலம் 43 சென்டிமீட்டர், அதாவது ஹோம் பிளேட்டின் அகலம். உயரம் உங்கள் பிள்ளைகளின் முழங்காலிலிருந்து அக்குள்வரை. நாளுக்கு ஐம்பது பந்து, வாரம் மூன்று நாள், அதற்குமேல் வேண்டாம், தோள் வலிக்கும். பத்துக்கு ஐந்து கட்டத்துக்குள் விழுந்தால் ஆட்டத்துக்கு ரெடி. மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. மெதுவான ஸ்ட்ரைக்கை (கட்டத்துக்குள் வரும் பந்தை) எதிரணி அடித்தால் பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள், மூன்றில் ஒன்றையாவது பிடிப்பார்கள். நாலு பால் போட்டு நடக்கவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. முதல் ஆட்டத்தில் நான் “வேகமா போடு மக்கா” என்று வெளியிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கேட்சருக்கும் இதே நேரத்தில் பயிற்சி கொடுங்கள். முகமூடி போட்டு உட்கார்ந்து எழுவதே முதல் வாரம் முழுக்க வலிக்கும்.

9. அடிப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டாண்டில் பந்தை வைத்து ஆளுக்கு இருபது அடி, மீன்வலையை நோக்கி. கிரிக்கெட்டில் மேலிருந்து கீழாக வரும் மட்டை இங்கே தரைக்குச் சமமாக வர வேண்டும். பின்பாதம் திரும்ப வேண்டும். அடிக்காமல் விட வேண்டிய பந்தை விடவும் பழக்குங்கள், எதிரணி பிட்சரும் உங்களுடையவள் மாதிரிதான் இருப்பாள்.

10. மழை, பரீட்சை, திருவிழா

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபர் நவம்பரில் ஒன்று. போதாததற்கு கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, சிவராத்திரி, ஓணம் என்று நம் மாவட்டத்து உள்ளூர் விடுமுறைகள், காலாண்டு, அரையாண்டு, மே மாதம் சர்ச்சுகளில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்). கணக்குப் பார்த்ததில் வாரம் மூன்று நாள் என்று போட்ட திட்டத்தில் எங்களுக்கு உண்மையில் கிடைத்தது இரண்டுக்கும் குறைவு. திட்டம் போடும்போதே அப்படிப் போடுங்கள். மழை நாளில் வராந்தாவில் சுவரோடு பிட்சிங், செருப்பை வைத்து விதிப் பாடம். இடி கேட்டால் மைதானத்தில் ஒரு நிமிஷமும் நிற்க வேண்டாம்.

11. போட்டி நாள்

பெண்பிள்ளைகளுக்குச் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. உங்களுக்கு உண்டு, சாமான் மூட்டைக்கும் கண்டக்டர் கேட்கலாம். காலையில் பூரி வேண்டாம். இட்லியும், இடைவேளைக்கு ஆளுக்கு இரண்டு மட்டிப்பழமும் போதும். தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள். முதலுதவிப் பெட்டியோடு ஃபிளாஸ்க்கில் ஐஸ் கட்டி.

அம்பயரிடம் கொடுக்கும் லைன்-அப் தாளில் அடிக்கும் வரிசை, சட்டை எண், நிற்கும் இடம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். எங்கள் தாளில் நாலாவதும் ஐந்தாவதும் இடம் மாறியிருந்தது. எதிரணி கோச் அமைதியாக ஒரு அடி விழும்வரை காத்திருந்து அம்பயரிடம் சொன்னார். அடிக்க வேண்டியவள் அவுட், ஓடியெடுத்த ரன்னும் போனது. அந்தத் தாளை டீச்சர் ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை உரக்க வாசித்துவிட்டுக் கொடுங்கள். நகலைப் பெஞ்சில் ஒட்டுங்கள்.

முதலில் இறங்கிய ஒன்பது பேரில் ஒருத்தியை வெளியே எடுத்தால், அடிக்கும் வரிசையில் அவளுடைய அதே இடத்துக்கு ஒரு தடவை திரும்பக் கொண்டுவரலாம். இது தெரிந்தால் பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரையும் பயமில்லாமல் ஆடவிடலாம். பஸ் ஏறி வந்துவிட்டு ஒரு பந்துகூடத் தொடாமல் திரும்பும் பிள்ளை மறுவாரம் வராது. ஆட்டம் ஏழு இன்னிங்ஸ் என்றாலும் வித்தியாசம் பெரிதானால் முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். எத்தனை ரன், எத்தனையாவது இன்னிங்ஸ் என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஆகவே வெளியில் இருப்பவர்களை மூன்றாவது இன்னிங்ஸுக்குள் இறக்கிவிடுங்கள். நான் ஐந்தாவதில் இறக்கலாம் என்று வைத்திருந்தேன். எங்களுக்கு ஐந்தாவது வரவே இல்லை.

முடிந்ததும் பந்தை எண்ணுங்கள், ஹெல்மெட்டை எண்ணுங்கள், கடைசியாகப் பிள்ளைகளை எண்ணுங்கள். ஃபோல்டர் மூட்டையை டீச்சர் கையில் கொடுங்கள், சாமான் மூட்டையோடு சேர்க்காதீர்கள். வீடு திரும்ப வேண்டிய கடியப்பட்டணம் பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.